இடது கை நீட்டாத பிள்ளை

ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறினேன். எதிர்ப் பலகையில் ஒரு சின்னப் பெண், மடியில் எட்டு மாதப் பிள்ளை. பொன்னேரிக்குத் தாய்வீடு போகிறாளாம். பக்கத்தில் முறுக்குக் கூடையோடு ஒரு அம்மாள்.

"எம்புள்ள இடது கையால எதையும் வாங்க மாட்டான்கா. இப்பவே அவ்ளோ மரியாத."

கூடைக்கார அம்மாள் சிரிக்கவில்லை. பிள்ளையின் வலது கையை மெல்லப் பிடித்துக்கொண்டு, இடது பக்கம் ஒரு முறுக்கை நீட்டினாள். பிள்ளை வலது கையை உருவப் பார்த்து அழுதது. இடது கை மூடியபடியே கிடந்தது.

"கட்டவெரல உள்ள வச்சி மூடிக்கினே கீறானே, எப்பவுமா?"

"எப்பவுந்தான். இன்னாக்கா இப்ப? கண்ணு வெக்காத."

"இந்த வயசுல ரெண்டு கையும் நீட்டணும்மா. எம்பொண்ணும் இப்டித்தான். நல்ல பழக்கம்னு நானும் பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சேன். நடக்கற வயசுல ஒரு கால இழுத்தா. அப்பறந்தான் டாக்டராண்ட ஓடனேன். மூளையில கோளாறு, முன்னமே வந்திருந்தா கையி காலப் பழக்கியிருக்கலாம்னாரு."

"வாய மூடு. எம்புள்ளைக்கு ஒண்ணுமில்ல."

பொன்னேரி வந்தது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கே நின்று அந்த இடது கையைப் பிரித்துப் பார்த்தாள். விட்டதும் அது மூடிக்கொண்டது. வண்டி ஊதியது. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"பட்டணத்துல பெரியாஸ்பத்திரிக்கு எங்கக்கா எறங்கணும்?"