குப்பையில் இருந்த மூச்சு

மத்தியானம் மூன்று மணி. ஆமாம், மத்தியானம்தான். பேய்க்கு ராத்திரி ஷிஃப்ட் மட்டும் என்று யார் சொன்னது? நின்றுபோன இந்த பஸ் இப்போதைக்குக் கிளம்பாது. டிரைவர் போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருக்கிறார். ஜன்னலைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள். பின்சீட்டுக்காரர் அந்த செல்போன் வெளிச்சத்தை அணைத்தால் புண்ணியமாகப் போகும்.

மத்தியானம் மூன்று மணி. தொழிற்பேட்டைக்குப் பின்னால் நீளமாக ஒரு ரோடு. இரண்டு பக்கமும் பூட்டிய கிடங்குகள். ஈ காக்கை இல்லை. உருகிய தார் வாடை. என் நண்பரின் மச்சினர் அதில் தனியாக வீட்டுக்கு நடந்து வருகிறார். காலில் புதுச் செருப்பு. காலையில் அடிக்கு அடி 'சரக், சரக்' என்று மானத்தை வாங்கிய செருப்பு. இப்போது...

சத்தமே இல்லை.

நின்றார். காலை ஓங்கித் தரையில் அடித்தார். குதிகால் வலித்தது. சத்தம் வரவில்லை. தூரத்தில் ஒரு கிடங்கின் தகரம் காற்றில் படபடப்பது மட்டும் நன்றாகவே கேட்டது. ஆக, காதில் கோளாறு இல்லை.

காதில் கோளாறு என்றால் அவருக்குத் தெரியாமல் போகாது. காதுதான் அவருக்குச் சோறு போடுகிறது. பழைய படங்களின் ஒலியைச் சுத்தம் செய்கிற வேலை. அப்போது அவர் மேஜையில் இருந்தது ஒரு ஜப்பானியப் படம். கதை என்னவென்று கேட்காதீர்கள். கத்தி, ரத்தம், கொஞ்சம் மழை, மறுபடியும் கத்தி. வெளிவந்தபோது தியேட்டர்காரனே பாதியில் எழுந்து போனான் என்று கேள்வி. அதனாலேயே பின்னால் அதற்கென்று ஒரு பக்தர் கூட்டம் சேர்ந்துவிட்டது. இப்போது அதைத் துடைத்து மெருகேற்றி, செங்கல் கனத்தில் ஒரு பெட்டியில் போட்டு, வீட்டில் பார்க்கிற டிஸ்க்காக விற்கப்போகிறார்கள்.

அதற்குப் பொறுப்பாளர் ஒரு நிபுணர். ஸ்டுடியோவில் அவருக்கு வைத்திருந்த பெயர் ஞானக்கண். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் மஃப்ளர். பெட்டியோடு வைக்கிற சிறு புத்தகத்தில் 'ரத்தம் ஒரு திரவம் அல்ல, அது ஒரு கேள்வி' என்று எழுதியவர். காய்கறி நறுக்கும்போது விரலில் கீறல் பட்டு மயங்கி விழுந்தவரும் அவரே.

படத்தின் நடுவில் ஒரு பெரிய வெட்டு முடிந்து, கூடம் முழுக்கப் பிணமாகக் கிடக்கும். அங்கே ஒரு மௌனம்.

"இது மௌனம் இல்ல தம்பி. மௌனத்தோட மௌனம்" என்றார் ஞானக்கண்.

மச்சினர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். "சார், இதுல யாரோ மூச்சு விடற மாதிரி கேக்குது."

"யாரு?"

"தெரியல சார். அந்த சீன்ல எல்லாரும் செத்துட்டாங்க."

"அப்ப அழுக்கு. தொடச்சிடு."

துடைப்பதற்கு ஒரு முறை உண்டு. யாரும் பேசாத, எதுவும் அசையாத ஒரு துண்டை எடுத்துக் கணினிக்குக் காட்ட வேண்டும். 'இதுதான் இரைச்சல், பார்த்துக்கொள்' என்று. அது படம் முழுக்கத் தேடி, அந்த ஜாடையில் இருப்பதையெல்லாம் உருவிவிடும். மச்சினர் காட்டியது அந்தக் கூடத்தின் மௌனத்தை. காலி இடம் என்று நினைத்துக் காட்டினார்.

உருவியதை உடனே அழிக்கமாட்டார்கள். தனி ஃபைலில் வைப்பார்கள். அதற்குப் பெயரே குப்பை. தவறிப்போய் நடிகரின் குரலும் அதில் போயிருக்கிறதா என்று ஒருதரம் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் படத்தை அனுப்புவார்கள்.

அன்று காலை குப்பையைக் கேட்டார்.

குரல் இல்லை. இசை இல்லை. கரகரப்புகூட இல்லை. ஒரு மூச்சு. வயல் காட்சியில் அது. மழையில் அது. படகில் அது. எங்கே போனாலும் ஒரே தூரம்... இடது காதுக்கு ஒரு சாண். மூடிய ஏ.சி. அறையில் ஈரத்துணி வாடை அடித்தது. துருவும் கலந்த மாதிரி.

கடைசிக் காட்சியில் மூச்சு நின்றது. தீர்ந்துபோகவில்லை. நாம் எதையாவது உற்றுக் கேட்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வோமே... அப்படி.

ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிளம்பினார். அப்படி வந்த ரோடுதான் நான் சொன்ன ரோடு.

வீட்டுக் கதவைத் தட்டினார். விரல் முட்டி சிவந்ததுதான் மிச்சம். குப்பை கொட்ட வந்த மனைவி தற்செயலாகத் திறந்து அலறினாள். "பூனை மாதிரி வந்து நிக்கறீங்களே! தட்டினா கையா தேஞ்சிடும்?"

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான். மனுஷனின் குறட்டை போய்விட்டது. பிறகு ஒரு விடியலில் அவர் மூக்கடியில் கையை வைத்துப் பார்த்தாள். காற்று வருகிறது. சத்தம் இல்லை. இருமினால் தோள் குலுங்கும், அவ்வளவுதான். தட்டில் கரண்டி விழும், கேட்காது. குரல் மட்டும் மிஞ்சியிருந்தது. அதுவும் வார்த்தையின் வாலிலிருந்து கரைய ஆரம்பித்தது.

அவர்களுக்கு ஒரே மகள், ஐந்து வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. அந்தக் குழந்தைக்கு அப்பா என்பது முகம் அல்ல. தொண்டைக் கனைப்பு, நடை, 'குட்டிம்மா, அப்பா வந்துட்டேன்'. இவ்வளவுதான் அப்பா.

ஒரு நாள் அவர் ஆசையாகத் தலையைத் தடவினார். குழந்தை வெலவெலத்துப் போனது. "யாரு? அம்மா, யாரோ என்னைத் தொடறாங்க!" அவர் 'குட்டிம்மா' என்று கத்தினார். வாய்தான் அசைந்தது. குழந்தை சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதது.

அன்றே ஸ்டுடியோவுக்கு ஓடினார். குப்பையைத் திறந்தார். மூச்சு... மூச்சு... அதன் நடுவே 'சரக், சரக்'. அவர் செருப்பு. அவர் இருமல். படகுக் காட்சியில், தண்ணீருக்கு மேலே, அவர் குரல்... 'குட்டிம்மா, அப்பா வந்துட்டேன்'.

உருவியதைத் திருப்பி வைத்தால் தன் சத்தமும் திரும்பும் என்று நினைத்து, ஞானக்கண்ணிடம் போய்ச் செல்போனில் தட்டிக் காட்டினார்: 'உருவினதைத் திரும்பப் படத்தில் சேர்க்க அனுமதி வேண்டும்.'

"வாயில என்ன கொழுக்கட்டையா? பேச மாட்டியோ?" என்றார் ஞானக்கண். படித்ததும் முகம் சிவந்தது. "என் மௌனத்துல குப்பையக் கொட்டுவியா? கை வச்சுப் பாரு, இந்தத் தொழில்லயே இருக்க மாட்டே. வெளிய போ."

மச்சினர் வெளியே போகவில்லை. கணினி முன் உட்கார்ந்தார். தன் சத்தத்தை மட்டும் மூச்சிலிருந்து பிரிக்கப் பார்த்தார். எத்தனை வருஷத் தொழில்! பிரியவில்லை. பாலும் தண்ணீருமாகக் கலந்து கிடந்தது. அதுவே கெட்டியாகப் பிடித்துக்கொண்ட மாதிரி. வேறு வழியில்லாமல், ஞானக்கண்ணுக்குத் தெரியாமல், குப்பை முழுவதையும் அப்படியே படத்தில் சேர்த்து அனுப்பிவிட்டார்.

ஞானக்கண் சிறப்புக் காட்சி வைத்துப் பார்த்தார். அந்தக் கூடம் வந்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேட்டீங்களா? அதாவது, கேக்கலை பாத்தீங்களா? என்ன ஒரு சுத்தம்!" டிஸ்க் அச்சுக்குப் போனது. சிரிக்காதீர்கள். உங்களில் யாராவது அதை வாங்கியும் வைத்திருப்பீர்கள்.

மச்சினர் வீட்டுக்கு வந்தார். கதவைத் தட்டினார். டக், டக். உள்ளே மனைவியின் கை, கழுவிக்கொண்டிருந்த ஏனத்தோடு நின்றது. "வந்துட்டாரு!" என்று கத்தினாள். குழந்தை சுவரைத் தடவித் தடவி ஓடி வந்தது. அவர் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினார். தொண்டையைக் கனைத்தார். கனைப்பு கேட்டது.

"குட்டிம்மா... அப்பா வந்துட்டேன்."

குழந்தை பாதி வழியில் நின்றுவிட்டது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டது.

"ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசாதீங்க... எது அப்பான்னு தெரியல."