‘கலாஸ்’ என்ற சொல் குறித்து டெல்சி சொன்னது

என் பெயர் டெல்சி. வயது முப்பத்து நான்கு. கணவர் பெயர் ஆல்டோ. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு. தற்போது அபுதாபி முசஃபாவில், பல குடும்பங்களுக்குப் பிரித்து வாடகைக்கு விட்டிருக்கும் வில்லா ஒன்றில், தரைத்தளத்து அறையில் வசிக்கிறேன். தனியார் மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். அரபியில் கோவையாகச் சொல்ல எனக்கு வராது என்பதால் தமிழில் சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளர் ஹிஃப்ஸா அதை போலீஸ் அதிகாரிக்கு அரபியில் சொல்கிறார். இறந்துபோன ஆல்டோ என் கணவர். காவலில் இருக்கும் செல்வசிங் என் உடன்பிறந்த அண்ணன்.

எங்கள் காரின் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. ரோட்டில் ஹம்ப் என்கிற வேகத்தடை வந்தால் அடியில் இடித்து வண்டி குதிக்கும். எனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி, அண்மையில்தான் மறுபடி டியூட்டிக்குப் போக ஆரம்பித்திருந்தேன். ஒருநாள் வண்டி குதித்தபோது வலி தாங்காமல் கத்திவிட்டேன். அதன் பிறகு என் கணவர் ஒவ்வொரு ஹம்ப்பிலும் வண்டியை நடக்கும் வேகத்துக்குக் குறைத்து, வலது கையை என் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொள்வார். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிப்பார்கள். கராஜில் விட்டால் வண்டி சில நாள் அங்கேயே நிற்கும், என்னை டியூட்டிக்கு யார் கொண்டுபோய் விடுவது என்று சொல்லி, வீட்டிலேயே மாற்றிவிட அவர் முடிவு செய்தார். ஆயில், பிரேக் பேடு எல்லாம் அவர் முன்பே மாற்றியிருக்கிறார். ஷாக் மாற்றியதில்லை.

சம்பவம் நடந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வந்த பிறகு, துணைக்கு அண்ணனையும் அழைத்துக்கொண்டு, வில்லா காம்பவுண்டுக்குள் நிழலில் வேலையை ஆரம்பித்தார். ஷாக்கைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியை, அதாவது கொக்கி வைத்த இரண்டு நீள போல்ட்டை, கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் இரவல் வாங்கியிருந்தார். ஸ்பிரிங்கின் இரு பக்கமும் கொக்கியை மாட்டி, ஆளுக்கொரு போல்ட்டாகச் சமமாக முறுக்க வேண்டும். ஸ்பிரிங் நன்றாகச் சுருங்கிய பிறகுதான் உச்சியில் மேல் தட்டைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்ற வேண்டும். இது இருவருக்கும் தெரியும்.

அவர்களுக்குள் பகை உண்டா என்று அதிகாரி கேட்டார். நான் அடுப்படி சன்னலில் நின்றபோது காதில் விழுந்ததைச் சொல்கிறேன். அண்ணன், “மாப்ள, இது என் தங்கச்சி கோவம் மாதிரில்லா இருக்கு. அமுக்கியே பிடிச்சிருக்கணும் போல” என்றான். என் கணவர், “அத பத்து வருசமா அமுக்கிட்டுத்தான மச்சான் இருக்கேன். பேசாம முறுக்கும்வே” என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. பகை இல்லை.

இடது பக்க வேலை நல்லபடியாக முடிந்தது. அதில் ஸ்பிரிங் சுருங்கியதும் என் கணவர்தான் “கலாஸ் மச்சான்” என்று சொல்லி உச்சி நட்டைக் கழற்றினார். அதன் பிறகு டீ குடித்துவிட்டு வலது பக்க ஷாக்கை ஸ்பிரிங்கோடு கழற்றி வெளியே எடுத்தார்கள். அதைத் தரையில் நிமிர்த்தி வைத்து முறுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் பக்கத்துக் கொக்கி ஸ்பிரிங்கில் சறுக்கியது. அண்ணன் ஸ்பேனரை உருவிக்கொண்டு பின்னால் நகர்ந்து, உள்ளங்கையைக் காட்டிக் கையை உயர்த்தி, “கலாஸ் கலாஸ்” என்று கத்தினான். என் கணவர் குனிந்திருந்ததால் கையைப் பார்க்கவில்லை. சொல்லை மட்டும் கேட்டார். அதன் பிறகு “சரி மச்சான்” என்று சொல்லி உச்சி நட்டைக் கழற்றினார். ஸ்பிரிங் எகிறி, மேல் தட்டு அவருடைய தொண்டையில் அடித்தது.

நான் ஓடிப்போய் இரத்தம் வந்த இடத்தைக் கையால் அழுத்தினேன், நாடி பார்த்தேன். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சொன்னதை நான் அதற்கு முன்பே அறிந்திருந்தேன். அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைக்காமல் நின்று, “நான் கலாஸ்னுதான சொன்னேன் டெல்சி, கலாஸ்னுதான சொன்னேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

மாடியில் குடியிருக்கும் ராஜிக், அண்ணன் ‘கலாஸ்’ என்று சொன்ன பிறகுதான் ஆல்டோ நட்டைக் கழற்றினார் என்று சாட்சி சொல்லியிருப்பதாக அதிகாரி தெரிவித்தார். ராஜிக் சொன்னது பொய் இல்லை. முடிந்துவிட்டது, கழற்று என்று என் அண்ணன் சொன்னதாக அதிகாரி அதை எடுத்துக்கொண்டது சரியில்லை. அண்ணன் கிரேனில் சுமை கட்டித் தூக்கும் வேலை பார்க்கிறவன். தூக்கிய சுமை ஆடினால் அவன் வேலை பார்க்கும் சைட்டில் ‘கலாஸ்’ என்று கத்துவார்கள். நிறுத்து, கையை எடு, தள்ளி நில் என்று அர்த்தம். என் கணவர் சரக்கு லாரி ஓட்டியவர். சரக்கு இறங்கியதும் கோடவுன்காரர் வண்டியின் பின்பக்கத்தைத் தட்டி ‘கலாஸ்’ என்பார். முடிந்தது, வண்டியை எடு என்று அர்த்தம். வீட்டில் அரிசி தீர்ந்தாலும், சண்டை ஓய்ந்தாலும் நாங்கள் மூவருமே கலாஸ் என்றுதான் சொல்வோம். அந்த அரபிச் சொல் எங்களுக்குத் தமிழ்ச்சொல் மாதிரி ஆகிவிட்டது. அன்று அண்ணன் ‘நில்லு மாப்ள’ என்று சொல்லியிருந்தால் என் கணவர் நின்றிருப்பார்.

நான் தமிழில் பேசியதில் இந்த ஒரு சொல் வந்தபோது மட்டும் அதிகாரி ஹிஃப்ஸாவுக்குக் காத்திராமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இந்தச் சொல்லைத்தான் அவருக்கு மொழிபெயர்க்க வேண்டும் என்று ஹிஃப்ஸாவிடம் கேட்டுக்கொண்டேன்.

என் அண்ணன் மேல் எனக்குப் புகார் இல்லை. பயத்தினாலோ, உடன்பிறந்தவன் என்பதற்காகவோ இதைச் சொல்லவில்லை. சன்னலில் நின்று அவன் கையைப் பார்த்தது நான் ஒருத்திதான். அவனை விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். என் கணவரின் உடலை ஊருக்குக் கொண்டுபோகும்போது அவனும் கூட வர வேண்டும்.

வண்டி இன்னமும் ஜாக்கியில்தான் நிற்கிறது. இடது பக்கம் மட்டும் புதிது. இன்று இங்கே டாக்ஸியில் வந்தேன். வழியில் ஹம்ப் வந்தபோது முன் சீட்டை நானே பிடித்துக்கொண்டேன்.

எழுதியதை ஹிஃப்ஸா எனக்குத் தமிழில் திரும்பச் சொன்னார். நான் சொன்னபடியே இருக்கிறது. அதன் பிறகு அதிகாரி பேனாவை மூடி, “கலாஸ்?” என்று கேட்டார். ஹிஃப்ஸா அதை மொழிபெயர்க்கவில்லை. நான் பதில் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இதில் உள்ள அனைத்தும் என் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் ஆகும். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நானாகச் சொன்னது, உண்மை.

(கையொப்பம்)
டெல்சி ஆல்டோ