மச்சான்ட வயல் பச்சை

பிளேன்ரீயில சீனி கொஞ்சம் கூடிப்போச்சு, மரைக்கார்மாரே, பரவாயில்ல. எனக்கு இன்னைக்கு எல்லாமே இனிக்குது. பள்ளிவாசல் விசாரணைக்குச் சாட்சி சொல்லத்தான் கூப்பிட்டீங்க, நான் முழுசாவே சொல்லிர்றன். முதல்ல ஒண்டு. எனக்குப் பொறாமை என்டா என்னென்டே தெரியாது.

காலிதீன் என்ட தங்கச்சி பஸ்மிலாட மாப்பிள்ள. நாவிதன்வெளியில அவன்ட வயலும் என்ட வயலும் ஒரே வரம்பு. வருஷா வருஷம் பள்ளிக் கந்தூரிக்கு என்ட புது அரிசியிலதான் சோறு ஆக்குவாங்க. போன வருஷம் அவன்ட அரிசியில ஆக்கினாங்க. சனம் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் திண்டுச்சு. நானும்தான் திண்டன். நல்ல சோறு.

இந்தப் போகம் அவன்ட வெள்ளாமையில இலைப்புள்ளி கண்டுச்சு. "மச்சான், உங்கட கைதான் மருந்துக்கு ராசி, நீங்களே அடிச்சுத் தாங்க" என்டான். ஓம் என்டன். டாங்கிக்கு ஒரு மூடி ஊத்தணும், நான் நாலு மூடி ஊத்தினன். புள்ளி போன பொறகும் விடல்ல, கதிர் வாற நேரமும் அடிச்சன். விவசாய வகுப்பில மிஸ் சொல்லித் தந்தா: அந்தப் பூஞ்சண மருந்து கூடினா இலை வெயில வாங்கிச் சாப்பாடு ஆக்குறது குறைஞ்சிரும். ஆனா கருகாது, குட்டையா, கரும்பச்சையா நிக்கும். அடுப்பு அணைஞ்ச குசினிக்குப் பெயின்ட் அடிச்ச மாதிரி.

அல்லாஹ்வே, என்ன பச்சை. பஸ்ஸில போறவங்களும் எட்டிப் பாத்தாங்க. காலிதீன் என்னைக் கட்டிப் புடிச்சான். பஸ்மிலா வட்டிலாப்பம் அவிச்சு அனுப்பினா, வழிச்சுத் திண்டன். உள்ளுக்குள்ள ஒரே கிச்சுக்கிச்சு. ஆள் இல்லாத நேரம் பாத்து வரம்பில ரெண்டு ஆட்டமும் போட்டன்.

அறுத்துத் தூத்தினா முழுக்கச் சப்பி, உள்ள மணி இல்ல. காலிதீன் வயலை விட்டுட்டுக் கட்டாருக்குப் போறான். தங்கச்சி புள்ள வயித்தோட அழுதுட்டிருக்கா. பாவம்தான். கந்தூரிச் சோறு திரும்ப என்ட அரிசியில வெந்துச்சு, மணந்துச்சு.

நான் வாயே திறந்திருக்க மாட்டன். காலிதீன் இப்பவும், "மச்சான் எனக்காக எவ்வளவு பாடுபட்டார்" என்டுதான் கதைக்கிறான். ஆனா நீங்க காலிதீனுக்கு விதை வித்த றிஸ்மியைக் கொண்டு வந்து நிப்பாட்டி, எல்லாம் அவன்ட வேலை என்டுறீங்க. அதுதான் எனக்குப் பொறுக்கல்ல. அப்படி ஒரு பச்சை காட்ட றிஸ்மிக்கு ஏலுமா? அது என்ட கை, மரைக்கார்மாரே. அந்தப் பேரை நான் ஒருத்தனுக்கும் விட்டுத்தர மாட்டன்.