திங்கட்கிழமைச் சேறு

வாடிப்பட்டி வட்டாரத்தில் இயங்கும் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதாரப் பார்வையாளராக அரும்பணி ஆற்றி, 30.6.1984 சனிக்கிழமையாகிய இன்று ஓய்வு பெறும் திருமதி கனகலட்சுமி அம்மையார் அவர்களுக்கு, நிலையத்தின் பணியாளர் அனைவரும் படித்தளிக்கும் பாராட்டு மடல்.

கண்டிப்பும் கனிவும் கலந்த கனகமே! வலியில் துடித்த தாய்மார்க்கு வழித்துணையாய் வந்தவரே, மழையென்றும் வெயிலென்றும் பாராமல் மண்சாலை மிதித்தவரே, கோபம் வந்தால் மட்டும் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்துக்குத் தாவிவிடுபவரே, வணக்கம். அந்த நேரத்தில் தாங்கள் சொன்னது என்னவென்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டோம்.

ஓய்வு பெறுபவரின் குணங்களை அடுக்கடுக்காய் அடுக்கி, படிப்பவருக்கு மூச்சிரைப்பும் கேட்பவருக்குக் கொட்டாவியும் வரவழைப்பது இத்தகைய மடல்களின் மரபு. அப்படியொன்றை நாங்களும் எழுதி முடித்திருந்தோம். நேற்று அதைக் கேட்ட நம் ஜீப் ஓட்டுநர் முத்துக்கருப்பன், "எல்லாம் நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா வண்டியப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே" என்றார். எழுதியதைக் கிழித்துப் போட்டோம். ஆகவே இம்மடல் தாங்கள் ஒருநாளும் ஓட்டியறியாத, தாங்கள் இல்லாவிட்டால் ஓடியே இராத நம் பழைய ஜீப்பைப் பற்றியது. அதன் ஓட்டுநரைப் பற்றியதும்தான்.

அந்த ஜீப் நம்மிடம் வரும்போதே வேறு அலுவலகங்களில் உழைத்து ஓய்ந்த வண்டி. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்படி செய்யப்பட்ட வண்டிதான்; ஆனால் முன்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் இரும்புத் தண்டை, பெட்ரோல் மிச்சமாகும் என்று யாரோ எப்போதோ கழற்றி ஸ்டோர் ரூமில் போட்டிருந்தார்கள். முத்துக்கருப்பனுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை, பெருமைதான் இருந்தது. டீக்கடையில் மற்ற ஓட்டுநர்களைக் கண்டால், "நம்ம வண்டி லிட்டருக்கு எம்புட்டுக் குடுக்குது தெரியுமா மாப்ள" என்று தொடங்கிவிடுவார். முன்சக்கரத்தைச் சேர்ப்பதற்கென்று கியருக்குப் பக்கத்தில் நிற்கும் சின்ன லீவரில் அவர் தம் துண்டைக் காயப்போட்டு வந்தார். சொகுசான இடம் என்று நாங்களும் நினைத்தோம்.

எழுபத்தேழாம் ஆண்டின் ஐப்பசி மழையில் அந்தப் பெருமை கரைந்தது. ஓடைக்கு அக்கரையில் சின்னத்தாய் என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஆள் வந்து சொன்னது முற்பகலில். சிறுமலைப் பக்கம் பெய்த மழை ஓடையில் இறங்கியிருந்தது. "ஓடையில தண்ணி போகுதாம். வண்டி போகுமா?" என்று தாங்கள் கேட்டீர்கள். "போகும்மா. நம்ம வண்டி போகாத எடமா?" என்றார் முத்துக்கருப்பன். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே அப்படி நம்பினார்.

ஓடையின் பாதியில் பின்சக்கரங்கள் சேற்றைக் கடைந்தன. முன்சக்கரங்கள் சும்மா நின்றன. எஞ்சினுக்கு முன்னே சுழலும் விசிறி அள்ளி இறைத்த தண்ணீரில் எஞ்சினும் அணைந்தது. தாங்கள் புடவையை ஏற்றிச் செருகி, பிரசவப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தீர்கள். சின்னத்தாயைக் கயிற்றுக் கட்டிலில் சுமந்து ஓடையைக் கடத்தி, மாட்டு வண்டியில் தார்ச்சாலைக்குக் கொண்டுவந்து, அங்கே ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்தி மதுரை போவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தாய் பிழைத்தாள். குழந்தை வழியிலேயே போய்விட்டது.

மறுநாள் முத்துக்கருப்பன் மாறுதல் மனுவோடு வந்து நின்றார். "எங்கயாச்சும் ஆபீசு வாசல்ல கேட்டத் தெறந்து விடுற வேலையா இருந்தாலும் போறேம்மா. இந்த வண்டிய இனிமே தொட மாட்டேன்." ஆறுதல் சொல்வீர்கள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். தாங்கள் சொன்னது வேறு. "போறதுன்னா போ, நான் தடுக்கல. ஆனா அந்த ஓடையத் தாண்டுற வண்டியா ஆக்கி வச்சுட்டுப் போ. அடுத்து வர்றவன் கையில இப்படியேவா குடுப்ப?" முத்துக்கருப்பன் நேரே ஸ்டோர் ரூமுக்குப் போய், துருப்பிடித்துக் கிடந்த தண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

அதன்பின் நடந்தவற்றை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. தண்டு தேய்மானம் பார்க்கப்பட்டு, இணைப்புகள் புதுக்கப்பட்டு, தன் இடத்தில் ஏறியது. தாங்கள் மதுரைத் தல்லாகுளத்து அலுவலகங்களின் படிகளை ஏறி இறங்கி, வழுக்கையான டயர்களுக்குப் பதிலாக ஆழ வெட்டுள்ள டயர்களுக்கு அனுமதி வாங்கி வந்தீர்கள். எஞ்சினுக்குத் தீப்பொறி பிரித்துத் தரும் பகுதிக்குச் சைக்கிள் டியூப்பை வெட்டி உறை போட்டார் முத்துக்கருப்பன். புகைக்குழாயின் வாயைத் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி உயர்த்தினார். முன்னும் பின்னும் கயிறு மாட்டக் கொக்கி வந்தது. இருக்கைக்கு அடியில் சாக்கும் பலகையும் வந்தன. வாரம் தவறாமல் அடியில் படுத்து கிரீஸ் அடிப்பதை ஒரு பூசை போலவே செய்தார்.

ஆனாலும் தங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. "எல்லாம் மாட்டியாச்சும்மா, இனிப் போகும்" என்று அவர் வந்து சொன்னபோது, "வாயால சொல்லாத. சேத்துல காட்டு" என்றீர்கள். காட்டுவதற்குச் சேறு வேண்டுமே. நிலையத்தின் பின்புறம், துவைகல்லுக்கு அப்பால் ஒரு பள்ளம் வெட்டச் செய்து, வயல்களிமண் கொண்டுவந்து நிரப்பினீர்கள். துணி அலசிய தண்ணீரைத் திங்கட்கிழமை காலையில் அதில் விட வேண்டும். ஜீப் அதில் இறங்கி ஏற வேண்டும். ஏறினால்தான் அந்த வாரம் கிராமத்துக்கு வண்டி. பள்ளத்தின் கரையில் கைகட்டி நின்று தாங்கள் பார்ப்பீர்கள். ஊரார் கூடிச் சிரித்தார்கள். எருமை குளிப்பாட்டும் நர்சம்மா என்று ஒரு பெயரும் கிடைத்தது தங்களுக்கு.

சிரிக்காத ஒரே ஆள் நம் சுகாதார ஆய்வாளர் பாலசுந்தரம். மலேரியா ஒழிப்பு அவர் பொறுப்பு. "ஊர் ஊராப் போயி, தேங்குன தண்ணியக் கொட்டுங்கன்னு சொல்றோம். நம்ம கொல்லையிலயே கொசுவுக்குக் குளம் வெட்டுனா எவன் மதிப்பான்?" என்று கொதித்தார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொண்டு, வண்டி ஏறியதும் வாழைப் பாத்திக்கு வடித்துவிடும்படி ஒரு வாய்க்கால் வெட்டினீர்கள். அதன் பிறகும் திங்கள் மாலையில் அவர் கரண்டியும் கையுமாகப் போய், ஒரு கொசுப்புழுவாவது அகப்படாதா என்று குனிந்து தேடிக்கொண்டிருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அகப்பட்டதில்லை. வாழை மட்டும் நன்றாகக் காய்த்தது.

சில திங்கட்கிழமைகளில் வண்டி பள்ளத்திலேயே நின்றுவிடும். அப்போது முத்துக்கருப்பன் முகம் செத்துப்போகும். "இங்க நின்னா நல்லதுப்பா" என்பீர்கள் தாங்கள். கோளாறு என்னவென்று கண்டுபிடித்துச் சரிசெய்து, மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றுவார். மாறுதல் மனு தங்கள் மேசையிலேயே கிடந்தது; அவரும் கேட்கவில்லை, தாங்களும் அனுப்பவில்லை.

எண்பத்தொன்றில் மறுபடி ஐப்பசி, மறுபடி ஓடையில் வெள்ளம், மறுபடி அதே சின்னத்தாய். நாள் இருக்கிறது என்று வீட்டில் இருந்தவளுக்கு முன்கூட்டியே உதிரப்போக்கு. இம்முறை தாங்கள் "போகுமா" என்று கேட்கவில்லை. முத்துக்கருப்பனும் "போகும்" என்று சொல்லவில்லை. கரையில் வண்டியை நிறுத்தி, கம்பை ஊன்றி ஓடையை நடந்து பார்த்து வந்தார். தண்ணீரை இறைக்காதபடி விசிறியின் பெல்ட்டைக் கழற்றினார். டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினார். பிறகு அந்தச் சின்ன லீவரைத் தள்ளி, முதல் கியரில் நத்தை போல இறங்கினார்.

நடு ஓடையில் இடது பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்து வண்டி சாய்ந்தது. பின்சக்கரங்கள் பழையபடி கடையத் தொடங்கின. முத்துக்கருப்பனுக்கு அந்தக் கயிற்றுக் கட்டில் கண்முன்னே வந்துவிட்டதாம். மிதியிலிருந்து காலை எடுத்துவிடலாமா என்று அவர் நினைத்த நேரத்தில், தாங்கள் முன்னே பார்த்தபடி, "நம்ம பள்ளந்தான். மெதுவா விடு" என்றீர்கள். அவர் மெதுவாக விட்டார். முன்சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. வண்டி உறுமிக்கொண்டு அக்கரை ஏறியது. சின்னத்தாயைக் கிடத்திக்கொண்டு திரும்பும்போதும் அப்படியே ஏறியது.

அன்று மதியத்துக்குள் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம் என்று தாங்கள் வெளியே வந்து சொன்னபோது, முத்துக்கருப்பன் ஜீப்பின் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். போன குழந்தைக்கும் சேர்த்துத்தான் அழுதார். அழுது முடியும்வரை தாங்கள் பக்கத்திலேயே நின்றீர்கள். பிறகு, "உன் மாறுதல் மனு இன்னும் என்கிட்டதான் கெடக்கு. அனுப்பிரட்டுமா?" என்றீர்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கம்மா போறது. திங்கக்கெழமை வருதுல்ல" என்றார்.

அம்மையீர்! போன வாரம் தாங்கள் சொன்ன ஒரு சொல் எங்களைச் சுட்டது. "நான் போன பெறகு அந்தப் பள்ளத்த மூடிருங்க. உங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை?" என்றீர்கள். முத்துக்கருப்பன் அன்று சாப்பிடவில்லை. தங்கள் சொல்லை நாங்கள் தட்டியது கிடையாது. ஓய்வு பெறும் நாளில் முதன்முதலாகத் தட்டுகிறோம். பள்ளம் மூடப்படாது. இன்று சனிக்கிழமை ஆனாலும் காலையிலேயே நனைத்து வைத்தாயிற்று. வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கி ஊற்றியவர் பாலசுந்தரம்தான்.

கண் பார்வையும் கால் வலுவும் குன்றாமல், கோபமும் குறையாமல், பேரன் பேத்தியரோடு தாங்கள் நெடுங்காலம் நிறைவாய் வாழ வேண்டும். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

விழா முடிந்ததும் வழக்கப்படி நம் ஜீப்பில் தங்களை மதுரை மகாலுக்கு அருகிலுள்ள இல்லத்தில் கொண்டுபோய் விடுவோம். வழி முழுக்கத் தார்ச்சாலை. ஓடையும் இல்லை, சேறும் இல்லை. இருந்தாலும் தாங்கள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி முதலில் கொல்லைப்புறம் போகும். பட்டுப்புடவையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். முன்னால் கட்டிய பூமாலையைச் சேறு படாதபடி முத்துக்கருப்பன் உயர்த்திக் கட்டியிருக்கிறார். பள்ளத்தின் அக்கரையில் சின்னத்தாயும் மகளும் நிற்கிறார்கள். அவர்களையும் ஏற்றிக்கொண்டுதான் மதுரைப் பயணம்.

கடைசியாக ஒன்று. முத்துக்கருப்பனை மேடையேறிப் பேசச் சொன்னோம், மறுத்துவிட்டார். "வர்ற திங்கக்கெழமையும் எறக்குவேன்னு மட்டும் எழுதிருங்கண்ணே" என்றார். எழுதிவிட்டோம்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
சுகாதார நிலையப் பணியாளர்கள்