கனகசிங்கத்தாரின் நம்பர் புத்தகம்

பதினோராயிரத்து நானூற்று ஐம்பது ரூபா.

என் சகலன் அழகரத்தினம், ஜெயரூபனுக்குக் கொடுக்க வேண்டியிருந்த காசு அவ்வளவுதான்.

"அவ்வளவுதானா?" இருட்டுக்குள் இருந்து அசனார் காக்கா கேட்டார். "அதுக்கெல்லாம் பேய் வருமா? நான் கடைக்காரனுக்கு இருவதாயிரம் குடுக்கணும். ஒரு பேயும் இன்னும் எட்டிப் பாக்கல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். வந்தாறுமூலைப் பக்கம் ஒரு கட்டட வேலை. கூரை பாதி, சுவர் பாதி. மழை. கரண்ட் இல்லை. சீமெந்துப் பேக்கைச் சுற்றி ஆறு பேர் ஒட்டிக்கொண்டு கிடந்தோம், நடுவில் ஒரு குப்பி விளக்கு.

"சிரிங்க காக்கா," என்றேன். "கதை முடியட்டும். மறுகா ஆர் தனிய ஒண்டுக்குப் போறீங்க எண்டு பாப்பம்."

இரவு பத்தேமுக்கால். ஆரையம்பதியில் மெயின் றோட்டை விட்டுக் கடற்கரைக்குப் போகிற மணல் பாதை. இரண்டு பக்கமும் தாழை. அழகரத்தினம் அண்ணன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறார். செயின் சத்தம் கேட்கக் கூடாதென்று ஏறி மிதிக்கவில்லை. சண்டை முடிந்து ஆறு மாதம். அதற்கு முதல் வருடமென்றால் அந்த நேரத்தில் றோட்டில் இறங்கினவனைப் பேய் பிடிக்காது, ஆமி பிடிக்கும். இப்போது பிடிக்க ஆள் இல்லை... பேயைத் தவிர.

அவர் போனது ஒரு புத்தகம் எடுக்க.

கனகசிங்கத்தார் என்று ஒருவர் அந்தக் கடற்கரையில் இருந்தார். தபால் கந்தோரில் தந்தி அடித்துப் பென்சன் எடுத்தவர். ஒற்றை ஆள். பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை. அவரிடம் இருந்தது கிராமபோன் தட்டு. ஊசி வைத்துச் சுற்றவிடுகிற கறுப்புத் தட்டு. ஒருவரையும் தொட விடமாட்டார். கேட்கவும் விடமாட்டார். தட்டுப் பாடும்போது வேலிக்கு வெளியே ஒரு ஆள் நின்று கேட்டால் ஊசியைத் தூக்கிவிடுவாராம்.

சுனாமி அன்று எல்லோரும் ஓடினார்கள். அவர் ஓடவில்லை. தட்டுகளைத் தூக்கி உயரத்தில் வைக்க உள்ளே போனார். அவருடைய உடம்பு கிடைக்கவே இல்லை.

தட்டுகள் கிடைத்தன. மணலுக்குள் புதைந்து, தாழைக்குள் சிக்கி. ஜெயரூபன் டவுனில் பழைய சாமான் கடை வைத்திருப்பவன். கூலிக்கு ஆள் பிடித்துப் பொறுக்கினான். உடைந்தது போக நூற்று முப்பத்தேழு தட்டு. உப்புத் தண்ணீர் தட்டை ஒன்றும் செய்யாது. ஆனால் நடுவில் ஒட்டியிருந்த தாள் எல்லாம் ஊறிக் கழன்று போயிற்று. யார் பாடியது, என்ன பாட்டு, ஒன்றும் தெரியாது. நூற்று முப்பத்தேழும் ஒரே முகம். அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் ஊசியால் கீறினது போல ஒரு நம்பர் மட்டும் மிச்சம்.

கொழும்பில் இப்படித் தட்டுச் சேர்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னார்களாம், நம்பரை வைத்துப் பேரைச் சொல், லட்சக் கணக்கில் தருகிறோம் என்று. அதற்கு ஒரு புத்தகம் வேண்டும். அந்தக் காலத்துக் கம்பனிகள் போட்ட புத்தகம். நம்பர், பாடியவர் பேர், பாட்டு, எல்லாம் வரிசையாக இருக்கும். ஜெயரூபன் கொழும்பில் தேடினான், யாழ்ப்பாணத்தில் தேடினான், சென்னைக்கு ஆள் விட்டான். கிடைக்கவில்லை. கடைசியில் யாரோ சொன்னார்கள், கனகசிங்கத்தார் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்தது, அதற்குள் மூன்று புத்தகம் இருந்தது என்று.

பகலில் போக முடியாது. பக்கத்து வளவில் அவருடைய அக்கா சீதேவிப்பிள்ளை. யார் வாசல் படலையைத் தொட்டாலும் கல்லால் எறிவா. "தம்பி உள்ளுக்கு இரிக்கான். அவனைக் கேக்காம எங்கடா போறாய்?" என்பா. விசர் பிடித்தவ என்று சனம் சொல்லும்.

இப்போது கடனுக்கு வருகிறேன். சுனாமிக்குப் பிறகு அழகரத்தினம் அண்ணனுக்கு நிவாரணத்தில் ஒரு தோணி கிடைத்தது. வலை வாங்க ஜெயரூபனிடம் கடனாகக் காசு மாறினார். வட்டியோடு ஏறிப் பதினோராயிரத்து நானூற்று ஐம்பது. ஜெயரூபன் தோணியைத் தன் வளவுக்குள் இழுத்துச் சங்கிலி போட்டுவிட்டான். அண்ணன் என்னோடு கல்லுடைக்க வந்தார். தோணி இல்லாத மனிசன், கையில்லாத மாதிரி.

ஒரு நாள் ஜெயரூபன் கூப்பிட்டான்.

"என்ன அழகரெத்தினம், தோணி வேணுமா?"

வயதில் பன்னிரண்டு குறைந்தவன். அண்ணன் என்று ஒரு சொல் வாயில் வராது.

"புத்தகத்தக் கொண்டுவா. கடனும் வேணாம், வட்டியும் வேணாம். மூண்டு புத்தகமும் ஒரே மட்டைதான். ஆறு மூண்டு பூச்சியம் ஒன்பது எண்ட நம்பருக்கு நேர பவளவல்லி எண்டு இரிக்கணுமாம், கொழும்பாக்கள் சொன்னவங்க. அதுதான் சரியான புத்தகம். வாசிப்பாய்தானே? சுனாமி முகாமில படிச்சயாமே?"

படித்தார்தான். நானும் அவரும் ஒரே கூடாரத்தில்தான் படித்தோம், நாற்பது வயதுக்கு மேல். எங்களுக்குச் சொல்லித் தந்த பிள்ளை, விரலை வைத்துச் சத்தம் போட்டு வாசியுங்கோ என்றுதான் பழக்கினது. இன்றைக்கும் எனக்கு மனதுக்குள் வாசிக்க வராது. வாய் அசைய வேண்டும். அவருக்கு அதைவிட மோசம். வாய்விட்டுச் சொன்னால்தான் எழுத்து எழுத்தாகத் தெரியும்.

அந்த இரவு, கனகசிங்கத்தார் வீடு. கதவு இல்லை. நிலை மட்டும். உள்ளே... ஊறின சுண்ணாம்பு மணம். வௌவால் எச்சம். அதற்கும் அடியில் நாள்பட்ட பாசி மணம். தண்ணீர் போய் ஐந்து வருடம், சுவரில் அந்தக் கோடு அப்படியே நின்றது. ஆள் உயரத்துக்கு மேல்.

பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினார். திறந்தார். மூன்று புத்தகமும் மொறுமொறு என்று காய்ந்திருந்தன. தரையில் குந்திக்கொண்டார். டோர்ச்சைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, விரலை வைத்தார்.

முதல் புத்தகத்தில் அந்த நம்பர் இல்லை. இரண்டாவதில் இருந்தது.

"ஆறு... மூண்டு... பூச்சியம்... ஒன்பது. ப... வ... ள... பவளவல்லி."

சரக்... சரக்... சரக்...

அடுத்த அறையில். தாள் உறைகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளித் தேடுகிற சத்தம். வெறும் உறை. உள்ளே தட்டு இருந்தால் அப்படிக் கேட்காது.

சத்தம் நின்றது.

"இல்ல."

ஆம்பிளைக் குரல். வறண்ட குரல். கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. கந்தோர் யன்னலுக்குள் இருந்து சொல்கிற மாதிரி.

அண்ணனுக்கு எழும்ப முடியவில்லை.

"அடுத்தது."

"ஓடியிருக்கலாமே!" என்றார் அசனார் காக்கா. அவர் இப்போது சிரிக்கவில்லை.

ஓடப் பார்த்தார். குந்தியிருந்த இடம் ஈரம். சாரம் நனைந்து தொடையில் ஒட்டியது. தரையெல்லாம் தண்ணீர், விரற்கடை உயரத்துக்கு. குளிர்ந்த தண்ணீர். நக்கிப் பார்க்கத் தேவையில்லை, மணத்திலேயே தெரிந்தது. கடல்.

"அடுத்தது."

வாசித்தார். "ஆறு... மூண்டு... ஒண்டு... பூச்சியம். கோ... ல... கோலப்பன்."

சரக்... சரக்... "இல்ல."

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. அவர் எழும்பி நின்று வாசித்தார். ஒரு எழுத்துப் பிழைத்தால் குரல் பேசாது. சும்மா இருக்கும். தண்ணீர் மட்டும் ஏறும். அவர் திருப்பி வாசிக்க வேண்டும். தந்திக்காரன் அல்லவா, ஒரு எழுத்துப் பிழைக்க விடுவானா? வாசித்தார். அழுது அழுது எழுத்துக் கூட்டினார். முழங்கால். இல்ல. இடுப்பு. இல்ல. பெட்டி மிதந்து போய்ச் சுவரில் முட்டினது. டொக். இல்ல. நெஞ்சு.

பிறகு உறைச் சத்தம் கேட்கவில்லை. குரல் நிலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. டோர்ச்சைத் திருப்ப அவருக்கு மனம் வரவில்லை.

"ஆரிட்ட இரிக்கி?"

தண்ணீர் கழுத்துக்கு வந்தது. நாடிக்கு வந்தது.

"ஆரிட்ட?"

"ஜெயரூபன்ட்ட!" என்று கத்தினார். "டவுனில... மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால ஒழுங்கை... பழைய சாமான் கடை... ஜெயரூபன்!"

தண்ணீர் இல்லை.

வடியவில்லை. இல்லை. அவ்வளவுதான். தரையில் தூசி பறந்தது. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த கையில் புத்தகம்.

வெளியே படலையில் சீதேவிப்பிள்ளை நின்றா. கையில் கல் இல்லை. "கேட்டுட்டுத்தானே எடுத்தாய்?" என்றா. "அப்ப சரி. போ."

காலையில் அவர் கடைக்குப் போனார். ஜெயரூபன் புத்தகத்தை வாங்கி மூக்கில் வைத்து மணந்து பார்த்தான். முகம் பூத்தது.

"தோணி?" என்றார் அண்ணன்.

"அவசரப்படாத. தட்டு முழுக்க இண்டைக்கு ராவைக்குச் சரி பாக்கணும். நம்பர் ஒண்டு பிழைச்சாலும் கடன் அப்பிடியே நிக்கும். நாளைக்கு வா."

அண்ணன் அந்த இடத்தில் சொல்லத்தான் வாயெடுத்தார். அதை என்னிடம் சத்தியம் பண்ணினார். "தம்பி, அந்தப் புத்தகத்தச் சத்தம் போட்டு மட்டும்..."

ஜெயரூபன் சிரித்தான். "அடேய், எழுத்துக் கூட்டத் தெரியாத நீயா எனக்கு வாசிக்கப் படிப்பிக்கிறாய்? போடா."

போடா என்றான். அவர் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கடைக்குப் போகிற ஒழுங்கை முழுக்கச் சனம். கடைக் கதவு உள்ளே தாழ் போட்டபடி. உடைத்துத்தான் போனார்களாம். ஜெயரூபன் கதிரையில் இருந்தான். சேர்ட்டில் ஒரு மடிப்புக் கலையவில்லை. ஒரு சொட்டு ஈரமில்லை. வாய் நிறையக் கடல் மணல். தட்டு ஒன்றுகூட இல்லை. புத்தகமும் இல்லை.

செத்த வீட்டுக்கு அண்ணன் போனார். போகாமல் இருக்க முடியவில்லை. ஜெயரூபன்ட பெண்சாதி பிரஷாந்தி அழவில்லை. அவரைப் பின்பக்கம் கூப்பிட்டாள். கடைக்குப் பின்சுவரோடுதான் அவர்களுடைய படுக்கை அறை.

"அண்ணே, புத்தகம் நீங்கதானே கொண்டந்த?"

"ஓம் தங்கச்சி."

"ராத்திரி முழுக்க நம்பர் வாசிச்சவர். ஒவ்வொரு நம்பருக்கும் வேற ஆரோ 'இரிக்கி... இரிக்கி...' எண்டு சொன்ன. கூட்டாளி ஆரும் வந்திரிக்காங்களாக்கும் எண்டு கிடந்தன். நூத்தி முப்பத்தேழு தட்டு. நானும் சுவரோட எண்ணிக்கொண்டு வந்தன். முடிஞ்சிது, படுப்பார் எண்டு பாத்தா..."

அவள் பின்சுவரில் கையை வைத்தாள்.

"மறுகா நம்பர் இல்லண்ணே. ஒரு பேர் மட்டும் வாசிச்சிச்சு. இவர்ர பேர். வாசிச்சது அந்தக் குரல். 'இரிக்கி' எண்டது... இவர்."

மழை ஓய்ந்திருந்தது. அசனார் காக்கா குப்பி விளக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிரஷாந்தி கடன் கொப்பியை எடுத்தாள். அண்ணனின் பேர் இருந்த பக்கத்தை விரித்தாள். "தோணியக் கொண்டுபோங்க. இந்த வீட்டுக்கு ஒருத்தரும் இனி ஒண்டும் தர வேணாம்," என்று பேனையால் வெட்டப் பார்த்தாள். மற்றப் பக்கமெல்லாம் காய்ந்துதான் இருந்தது. அந்த ஒரு வரியில் மட்டும் தாள் ஈரம். பேனை பிடிக்கவில்லை. இரண்டு தரம் பார்த்தாள். பிறகு பெருவிரல் நகத்தால் பதினோராயிரத்து நானூற்று ஐம்பதையும் குறுக்கே கீறிக் கிழித்துவிட்டாள்.

நகத்தில் உப்பு வந்தது.