தையலம்மாவின் இடது கண்

அன்புள்ள போதகர் ஐயா அவர்களுக்கு,

ஞாயிறு மாலை தையலம்மாவின் அறையில் நாம் ஏழு பேர் இருந்தோம். நீங்கள் சன்னலோரம், அந்த அறையில் ஆடாத ஒரே நாற்காலியில். உங்கள் மனைவி, நம் அக்கா, கட்டிலின் தலைமாட்டில், மடியில் பாட்டுப் புத்தகத்தோடு. பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் துணிப்பெட்டியின் மேல். ஒன்றரை ஆள் உட்காரும் இடத்தை இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். பேக்கரிக்காரரின் தங்கை, கண் ஆஸ்பத்திரி நர்ஸ், முதல் முறை வந்தவர், முக்காலியில். தையலம்மா கட்டிலின் நடுவில், எல்லாக் குரலுக்கும் சமதூரத்தில். நான் கதவருகே தரையில், கெட்டிலுக்குப் பக்கத்தில்.

இப்படி எழுதுவது எனக்குப் பழக்கம். ஆறாம் வகுப்பில் எங்கள் தமிழ் ஐயா கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தார். முதலில் இடம், நாள், இருந்தவர்கள், பிறகு விஷயம், விஷயத்தில் ஒளிவு கூடாது. தராசுக் கம்பெனியில் கடிதப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். வரும் கடிதத்துக்கு ஒரு எண், போகும் கடிதத்துக்கு ஒரு நகல்.

அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம். பேக்கரிக்காரர் கேக் கொண்டுவந்திருந்தார். அடி கருகியிருந்தது.

"அது கருகல் இல்ல, அதான் டேஸ்டு" என்றார்.

"கல்யாணமான நாள்லேருந்து எனக்கும் இதையேதான் சொல்றாரு" என்றார் அவர் மனைவி.

பிறகு தையலம்மா சாட்சி சொன்னார். நீங்களும் கேட்டீர்கள். "வலது கண்ணு போயிடுச்சு. இடது கண்ணுல சன்னல் மட்டும் மங்கலா தெரியுது. பெத்த புள்ள எட்டிப் பாக்கல. ஆனா கடவுள் கீழ் வீட்டுலேருந்து எனக்கு ஒரு தம்பியக் குடுத்துட்டார்." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உடம்பு தரையை விட்டு இரண்டு அங்குலம் கிளம்பியது போல இருந்தது. கெட்டிலின் பிடியைப் பிடித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் சிரித்திருப்பேன்.

அப்போதுதான் அந்த நர்ஸம்மா எழுந்துபோய்ச் சின்ன டார்ச்சை அடித்துப் பார்த்தார்.

"அம்மா, உங்க பேரு எங்க ரிஜிஸ்டர்ல இருக்கு. ஆபரேஷனுக்கு மூணு தடவை கார்டு போட்டோமே, ஏன் வரல?"

"கார்டா? சோப்பு விளம்பரம் வந்தாக்கூட தம்பி ராகம் போட்டுப் படிச்சுச் சொல்லிடுவாரே."

"தபால்காரன் லட்சணம் அப்படி" என்றார் பேக்கரிக்காரர். "எங்க மாமியார் கடுதாசி மட்டும் ஒரு நாள் தவறாம வந்து சேருது."

எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸம்மா சிரிக்கவில்லை. "இந்தக் கண்ணையாவது காப்பாத்தலாம்மா. இந்த வாரமே வந்துடுங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார். "நான் கூட்டிட்டு வரேன் சிஸ்டர்" என்றேன். அவர் நிம்மதியாக உட்கார்ந்தார்.

படியிறங்கும்போது நீங்கள் என் தோளில் கை வைத்து, "அந்தக் கார்டெல்லாம் என்ன ஆச்சுன்னு விசாரிச்சு எனக்கு ஒரு வரி எழுதுங்க தம்பி. அவசரமில்ல, நான் தியானக் கூட்டத்துலேருந்து சனிக்கிழமைதான் வருவேன்" என்றீர்கள். ஒரு வரியில் அடங்காததால் இந்தக் கடிதம். உங்களிடம் நான் இதுவரை பொய் சொன்னதில்லை.

கார்டுகள் தொலையவில்லை. மூன்றும் என்னிடம், கோப்பில், தேதி வாரியாக இருக்கின்றன.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு நீங்கள் தொடங்கிய ஊழியச் சீட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். தகர டப்பாவில் கை விட்டுச் சீட்டு எடுக்கிறோம். அதில் கஷ்டத்தில் இருக்கும் ஓர் அயலாரின் பெயர், தொடங்கிய நாள், நிறைவேறிய நாள். அவர் தேறியதும் தேதி போட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறோம். நீங்கள் சபையில் வாசிக்கிறீர்கள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். கைதட்டி முடித்ததும் நான் வீட்டுக்குப் போகிறேன். வீட்டில் யாரும் இல்லை.

என் முதல் சீட்டு கால் முறிந்த வேன் டிரைவர். ஆறு வாரம் சூப் கொண்டுபோனேன், முகச்சவரம் செய்துவிட்டேன், செய்தித்தாள் படித்துக் காட்டினேன். அவர் என்னை "அண்ணே, அண்ணே" என்று கூப்பிடும்போது எனக்கு அடிவயிற்றில் கிச்சுகிச்சு மூட்டியது போல இருக்கும். ஏழாவது வாரம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். "என்ன சார், சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார். சார்.

இரண்டாவது சீட்டு, மஞ்சள் காமாலை வந்த கணக்கு டீச்சர். தேறிய மறுநாள் என் சூப் பாத்திரத்தைக் கழுவி, செய்தித்தாளில் சுற்றி, என் வாசலில் வைத்துவிட்டுப் போனார். கதவைக்கூடத் தட்டவில்லை.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. அயலாரை நேசிக்க எப்படித் தொடங்குவது என்று எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறீர்கள். அவர் குணமான பிறகு அந்த நேசத்தை எங்கே வைப்பது என்று ஒரு பிரசங்கமும் இல்லை. அதை நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது சீட்டு தையலம்மா. என் மாடிக்கு மேல் மாடி. நாற்பது வருஷம் தைத்தவர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் நோய் வந்து, மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டார். முதல் நாளே ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். தன்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகனுக்கு.

"எழுதுங்க தம்பி. நீ இருக்கியா செத்தியான்னு எனக்குத் தெரியாது. நான் இருக்கேனா செத்தேனான்னு உனக்கும் வேணாம். இப்படிக்கு அம்மா."

இதை எப்படி அனுப்புவது? சமாதானம் செய்பவனாக இருக்க வேண்டாமா? நான் இப்படி எழுதினேன்: 'மகனே, உன் மனைவி நலமா? அவள் அளவு தெரிந்தால் ஒரு சட்டை தைத்திருப்பேன். விரல் வலிப்பதால் கீழ் வீட்டுத் தம்பி எழுதுகிறார்.' நகல் என்னிடம் உண்டு. இப்போது படித்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. நாலு வருஷமாக இந்த ஒரு வரிக்குத்தான் காத்திருந்தேன் அம்மா, அடுத்த மாதம் இருவரும் வருகிறோம், எங்களோடு கூட்டிப் போகிறோம் என்று. படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். கையிலிருந்த சூப் ஆறிப்போனது. மேலே போய், அந்தக் காகிதத்தைக் கண் முன் பிடித்துக்கொண்டு, 'அம்மா, வேலை அதிகம், இப்போதைக்கு வருவதற்கில்லை' என்று வாசித்தேன். ராகம் போடவில்லை.

தையலம்மா அழுதார். அழுதுகொண்டே என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தார். நாற்பது வருஷம் கத்தரி பிடித்த கை, அப்படி ஒரு பிடி. "நீங்க இல்லேன்னா நான் என்ன ஆவேன் தம்பி" என்றார். ஐயா, என்னை அப்படி யாரும் பிடித்ததில்லை. இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினேன். வீட்டுக்காரர் எதிரே வந்து, "என்னய்யா, பொண்ணு பாத்துட்டாங்களா?" என்று கேட்டார். "அதைவிட நல்ல சேதி" என்றேன்.

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. மகனுக்கு, 'என் மனம் இன்னும் ஆறவில்லை, நான் கூப்பிடாமல் வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்' என்று எழுதினேன். பயந்த பிள்ளை, கீழ்ப்படிந்தான். மாதம் ஒரு கடிதம் போட்டான். ஒவ்வொன்றையும் நான் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரவைத்து வாசித்தேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அவரைத் தேற்றினேன். தேற்றுவதில் எனக்கு நல்ல கை இருக்கிறது. உப்பு போடுவது போல அளவு தெரிய வேண்டும்.

ஆஸ்பத்திரி கார்டு முதலில் வந்தபோது நான் தயங்கியது உண்மை. வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை, இந்தத் தேதி, துணைக்கு ஒருவர் வரவும் என்று இருந்தது. துணைக்குப் போக நான் தயார்தான். திரும்பி வரும்போது அவருக்குத் துணை தேவைப்படுமா என்பதுதான் கேள்வி. கார்டுக்கு எண் போட்டுக் கோப்பில் வைத்தேன். இரண்டாவது கார்டு வந்தபோது தயக்கம் இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் வலது கண் போய்விட்டது. வலி இல்லாமல் போயிற்று என்று அவரே சொன்னார். அன்று நான் இரண்டு வேளை சூப் கொண்டுபோனேன். மூன்றாவது கார்டு இடது கண்ணுக்கு.

சொட்டு மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தினமும் மாலை ஆறு மணிக்கு நான்தான் ஊற்றுவேன். ஒருநாள் தையலம்மா முகத்தை உயர்த்தி, "தம்பி, இன்னிக்கு நீலச் சட்டையா?" என்று கேட்டார். நீலச் சட்டைதான். மருந்து அந்த இடது கண்ணைக் காத்துக்கொண்டு வந்திருக்கிறது. மறுநாளிலிருந்து அந்தப் புட்டியில் தண்ணீர். குழாய்த் தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். நானே கொதிக்கவைத்து, ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டியது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது.

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை மகனிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டுக்காரரின் மைத்துனர் ரயிலில் அவனைப் பார்த்து, அம்மாவுக்குக் கண் போய்விட்டது என்று உளறியிருக்கிறார். அந்த ஆள் வாயில் எதுவும் நிற்காது என்று எல்லோருக்கும் தெரியும். மகன் தன் ஊரில் பெரிய டாக்டரைப் பிடித்து, வியாழன் காலைக்கு நேரம் வாங்கிவிட்டான். அதை விட்டால் அந்தக் கண்ணையும் மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னாராம். புதன் காலை வண்டியோடு வருகிறேன், கதவைத் திறக்காவிட்டால் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன் என்று எழுதியிருந்தான். கடைசி வரி: 'எழுதித் தரும் அண்ணனுக்கு நாங்கள் இருவரும் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறோம்.'

அண்ணன் என்று எழுதியிருந்தான் ஐயா. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெரு முனைவரை நடந்து, மறுபடி எடுத்துப் படித்து, மறுபடி நடந்தேன். ஞாயிறு கூட்டத்தில் நான் உட்கார்ந்திருந்தபோதும் அது என் பையில்தான் இருந்தது.

நேற்று, திங்கள், அலுவலகத்தில் அவனுக்குப் பதில் எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது. 'மகனே, இங்கேயே ஆபரேஷன் ஆகிவிட்டது. கட்டுப் பிரித்துவிட்டார்கள். நேற்று ஊசியில் நானே நூல் கோத்தேன், முதல் தடவையிலேயே கோத்துக்கொண்டது. பயணம் ஆகாது என்கிறார்கள், நீ பதறி ஓடி வராதே. தேறியதும் நானே கூப்பிடுகிறேன். அப்போது உன் மனைவியின் முகத்தைக் கண்ணாலேயே பார்ப்பேன்.' எழுதும்போது எனக்கே அவ்வளவு ஆனந்தம். பக்கத்து மேசைக்காரர், "தனியா என்னய்யா சிரிப்பு?" என்றார். நல்ல சேதி எழுதும்போது சிரிக்காமல் எப்படி எழுதுவது?

அதை விரைவுத் தபாலில் அனுப்பினேன். இன்று மதியம் அவன் கைக்குப் போயிருக்கும். எந்த வண்டி எந்தப் பையை எங்கே இறக்கும் என்பது என் தொழில். நேற்று மாலையே தையலம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன், மகன் அனுப்பியதாக: 'இனிமேல் கடிதம் போட வேண்டாம்.' நெடுநேரம் அழுதார். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவர் விழித்துவிடக் கூடாதே என்று நான் இரண்டு மணி நேரம் அசையவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நர்ஸம்மாவுக்கு, அடுத்த வாரம் வருகிறோம் என்று சீட்டு கொடுத்தனுப்பிவிட்டேன்.

ஆக, நீங்கள் கேட்டதற்கு விடை: கார்டுகளை மறைத்தது நான். கடிதங்களை மாற்றியது நான். மருந்தைக் கொட்டியது நான். வலது கண்ணை எடுத்தது நான். நீங்கள் இதைப் படிக்கும் சனிக்கிழமைக்குள் இடது கண்ணும் முடிந்திருக்கும். சட்டப்படி இதற்கு வேறு பெயர்கள் இருக்கலாம். வேன் டிரைவருக்கும் கணக்கு டீச்சருக்கும் நான் செய்தது ஆறே வாரத்து அன்பு. இது ஆயுள் முழுவதற்குமானது. அக்காவிடம் மெதுவாகச் சொல்லுங்கள், இளகிய மனசு.

இதைச் சாதாரணத் தபாலில்தான் போடுகிறேன். நீங்கள் ஊரில் இல்லாதபோது சீக்கிரம் வந்து என்ன செய்யப்போகிறது? கடைசித் தபால் எடுக்க ஐந்தரைக்கு ஆள் வருவார். உறையில் உங்கள் முகவரி எழுதி வைத்துவிட்டேன், ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. மேலே தையலம்மா கூப்பிடும் குரல் கேட்கிறது. பெட்டியில் போட்டுவிட்டு ஓட வேண்டும். சுவரைத் தடவிக்கொண்டு தனியாக நின்றுகொண்டிருப்பார், பாவம். என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்.