அறுபதாவது வீடு

டெய்லரம்மா: …நிறுத்து, நிறுத்து. யாருக்கு ஓட்டுன்னு கேட்டா மட்டும் நான் வாயைத் திறக்க மாட்டேன். வேற ஏதாவது கேளு.

சர்வே பொண்ணு: வேற என்னத்தைக் கேக்கறதும்மா? இந்த ஃபாரமே அதுக்குத்தானே! சட்டசபை மெம்பர் இறந்து போய் நாலு மாசமா சீட்டு காலியாக் கிடக்கு. இடைத்தேர்தல் வருது. மூணு பேர் நிக்கிறாங்க. ஜனங்க மனசு எந்தப் பக்கம் சாயுதுன்னு எங்க ஆபீஸ்ல கணிக்கிறாங்க.

டெய்லரம்மா: கணிச்சு?

சர்வே பொண்ணு: பேப்பர்ல போடுவாங்க.

டெய்லரம்மா: அப்ப நான் பேப்பர்லயே பாத்துக்கறேன். ஏய்… அந்தத் துணியை மிதிக்காதே, வெள்ளை!

சர்வே பொண்ணு: ஐயோ, பாக்கலை. கோவிச்சுக்காதீங்கம்மா, உங்களோட சேத்து அறுபது வீடு. நீங்கதான் கடைசி, அறுபதாவது. வாரம் ஒரு தடவை, மூணு வாரம் வருவேன். அதே ஆளுங்க, அதே கேள்விங்க. மனசு மாறுதான்னு பாக்கணும்.

டெய்லரம்மா: மூணு தடவையா! உனக்கு வேற பொழப்பே இல்லையா?

சர்வே பொண்ணு: இதுதாம்மா பொழப்பு. முதல் கேள்வி ரொம்பச் சுலபம். நிக்கிற மூணு பேர்ல யாராவது உங்களுக்குச் சொந்தமா?

டெய்லரம்மா: ஏன், சொந்தமா இருந்தா எனக்கு மாலை போடுவியா?

சர்வே பொண்ணு: லிஸ்ட்ல இருந்து அடிச்சிடுவோம். சொந்தக்காரங்க சொல்றது கணக்குல சேராது. அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டோம்.

டெய்லரம்மா: வரவே மாட்டியா?

சர்வே பொண்ணு: எதுக்கு வரணும்?

டெய்லரம்மா: …எனக்கு யாரும் இல்லை. எழுதிக்கோ.

சர்வே பொண்ணு: யாரும் இல்லைன்னா… மூணு பேர்ல ஒருத்தரும் சொந்தம் இல்லை. அப்படித்தானே?

டெய்லரம்மா: ஒரு தடவை சொன்னாப் புரியாதா? இல்லை, இல்லை, இல்லை. போதுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்லிட்டேன்.

சர்வே பொண்ணு: சரி சரி. ரெண்டாவது. போன மெம்பரோட மகன்… மூணு ஸ்கூல் நடத்துறாரே, அந்த ஸ்கூல்காரர்… அப்புறம் வேலையை விட்டுட்டு சுயேச்சையா நிக்கிற பஸ் கண்டக்டர் அம்மா. இந்த மூணு பேர்ல…

டெய்லரம்மா: அடுத்த கேள்வி.

சர்வே பொண்ணு: அடுத்ததே "ஏன்?"கிறதுதாம்மா. இதுக்கே பதில் இல்லைன்னா அதை எங்க கேக்கறது? …விடுங்க. "சொல்ல விரும்பவில்லை"ன்னு போட்டுக்கறேன். என்ன தைக்கறீங்க, ஆம்பளை சட்டையா?

டெய்லரம்மா: பொம்பளை சட்டைதான். காலர் வெச்சது. ஒரு கஸ்டமரோடது.

சர்வே பொண்ணு: அது என்ன, கைமேல குட்டியா ஒரு பாக்கெட்?

டெய்லரம்மா: பேனா சொருக. நெஞ்சுல வெச்சா குனியறப்ப விழுந்துடும். ஓடற வண்டியில… நின்னுக்கிட்டே எழுதற ஆளுங்களுக்குக் கையிலதான் வசதி.

சர்வே பொண்ணு: வலது கையில வெச்சிருக்கீங்களே. இடது கையாலதானே எடுக்க வரும்?

டெய்லரம்மா: நீ சர்வே எடுக்க வந்தியா, தையல் கத்துக்க வந்தியா?

சர்வே பொண்ணு: கிளம்பிட்டேன், கிளம்பிட்டேன்.

டெய்லரம்மா: இரு. மத்த வீட்டுல எல்லாம்… என்ன சொல்றாங்க?

சர்வே பொண்ணு: சொல்லக் கூடாதும்மா. ஆபீஸ்ல திட்டுவாங்க.

டெய்லரம்மா: நான் யார்கிட்டப் போய்ச் சொல்லப் போறேன், இந்த மிஷின்கிட்டயா?

சர்வே பொண்ணு: …மெம்பர் மகன்தான் முன்னாடி. பாதிக்கு மேல அவருக்குத்தான். ஸ்கூல்காரர் அடுத்து.

டெய்லரம்மா: அப்புறம்?

சர்வே பொண்ணு: அப்புறம் என்ன, அவ்வளவுதான்.

டெய்லரம்மா: மூணு பேருன்னியே!

சர்வே பொண்ணு: கண்டக்டரைக் கேக்கறீங்களா? நாலு வீடு.

டெய்லரம்மா: நாலா? அறுபதுல நாலா?

சர்வே பொண்ணு: "நல்ல பொண்ணுதான், ஆனா டிக்கெட் கிழிச்சவளை எல்லாம் எப்படி அங்க அனுப்பறது"ன்னு கேக்கறாங்கம்மா.

டெய்லரம்மா: யாரு கேட்டா? எந்த வீடு? பச்சைக் கேட்டு வீட்டுக்காரிதானே? அவ பேன்ட்டுக்கு ஜிப் வெச்சுக் கொடுங்கன்னு வந்து நிக்கட்டும், அன்னைக்கு இருக்கு அவளுக்கு…

சர்வே பொண்ணு: அம்மா, ஊசி! விரல்ல ரத்தம் வருது.

டெய்லரம்மா: வரட்டும். நீ அடுத்த வாரம் வா. மறந்துடாதே.

* * *

சர்வே பொண்ணு: என்னம்மா, வாசல்லயே நிக்கறீங்க? எனக்காகவா?

டெய்லரம்மா: ஆசையைப் பாரு! காத்து வாங்க வந்து நின்னேன்.

சர்வே பொண்ணு: காத்து வாங்கறவங்க கையில ரெண்டு டம்ளர் டீயா?

டெய்லரம்மா: ஆறிப் போச்சு, குடி. நேத்தே வருவேன்னு பாத்தா ஒரு நாள் தள்ளி வர்றே. உள்ள வா. சுருக்கா முடி, வேலை கிடக்கு.

சர்வே பொண்ணு: முதல் கேள்வி. சொந்தம்…

டெய்லரம்மா: போன வாரம் இல்லாத சொந்தம் இந்த வாரம் முளைக்குமா? தாண்டிப் போ.

சர்வே பொண்ணு: அந்த வெள்ளைச் சட்டை இன்னும் தொங்குதே. கஸ்டமர் வரலையா?

டெய்லரம்மா: காஜா எடுக்கணும், பட்டன் வைக்கணும். வர்றப்ப வருவாங்க. நீ விஷயத்துக்கு வா. எத்தனை?

சர்வே பொண்ணு: எது எத்தனை?

டெய்லரம்மா: கல்லுளிமங்கி மாதிரி உக்காந்திருக்காதே. அந்த நாலு, நாலாவே இருக்கா?

சர்வே பொண்ணு: பதினேழு. என்னம்மா, மிஷின் நின்னுடுச்சு?

டெய்லரம்மா: நூல் அறுந்துடுச்சு. என்ன சொன்னே, பதினேழா? எப்படி?

சர்வே பொண்ணு: சந்தைக்கிட்ட கூட்டம் நடந்துச்சே, மூணு பேரையும் ஒரே மேடையில உக்கார வெச்சு. நீங்க போகலையா?

டெய்லரம்மா: எனக்கெங்க நேரம்? சொல்லு.

சர்வே பொண்ணு: குவாரிப் பக்கத்துல இருந்து ஒருத்தர் எழுந்து, "எங்க ஏரியாவுல இருந்து பெரியாஸ்பத்திரிக்கு எப்படிப் போறது? மூணு பேரும் சொல்லுங்க"ன்னாரு. மெம்பர் மகன் சிரிச்சுக்கிட்டே, "என் டிரைவரைத்தான் கேக்கணும்"னுட்டாரு.

டெய்லரம்மா: அடப்பாவி!

சர்வே பொண்ணு: ஜோக்குன்னு நினைச்சிருக்காரு. ஒருத்தர் சிரிக்கலை. ஸ்கூல்காரர் மைக்கைப் பிடிச்சு, எங்க ஸ்கூல் வேன் அந்தப் பக்கம்தான் போகுதுன்னு ஏதோ உளறினாரு. அப்புறம் கண்டக்டர் எழுந்தாங்க…

டெய்லரம்மா: எழுந்து? நடுவுல நிறுத்தாதே!

சர்வே பொண்ணு: டீ குடிச்சுக்கறேம்மா… எழுந்து, "காலையில ஆறு இருபது, எட்டு பத்து. பாலத்துல இறங்கி மாறணும். பதினொண்ணு நாப்பது வண்டியை ரெண்டு வருஷம் முன்னாடி நிறுத்திட்டாங்க. அதனால டயாலிசிஸ் முடிச்சுட்டு வர்றவங்க பாலத்துல மூணு மணி நேரம் வெயில்ல உக்காந்திருக்காங்க"ன்னு சொன்னாங்க. கையில ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அப்புறம், அந்த வண்டியைத் திரும்ப விடச் சொல்லி டிப்போவுக்கு எழுதின பதினாலு லெட்டரோட நகலை எடுத்து நீட்டினாங்க பாருங்க…

டெய்லரம்மா: பதினாறு.

சர்வே பொண்ணு: என்னது?

டெய்லரம்மா: பதினாறு இருக்கும்னு… யாரோ பேசிக்கிட்டாங்க.

சர்வே பொண்ணு: ஓ… கையெழுத்து என்ன அழகுங்கறீங்க!

டெய்லரம்மா: முத்து முத்தா இருக்குமே! இடது கையால எழுதறாளேன்னு டீச்சர் அந்த அடி அடிச்சும்…

சர்வே பொண்ணு: யாரை அடிச்சாங்க?

டெய்லரம்மா: …பொதுவா அடிப்பாங்க. அந்தக் காலத்து டீச்சருங்க. நீ உன் ஃபாரத்தைப் பாரு. "ஏன்"னு ஒரு கட்டம் இருக்குன்னியே, அதுல என்ன எழுதியிருக்காங்க?

சர்வே பொண்ணு: ஒரு கொத்தனார் சொன்னாரு. "ரெண்டு வேலை பாத்துட்டு வர்றவன் நான், பஸ்ல ஏறினதும் தூங்கிடுவேன். எட்டு வருஷமா என் ஸ்டாப்புல என்னைத் தட்டி எழுப்பி விட்டது அந்தம்மாதான். ஒரு நாள்கூட நான் தேங்க்ஸ் சொன்னதில்லை. ஓட்டாவது போடறேன்"னாரு.

டெய்லரம்மா: …இன்னொரு தடவை சொல்லு.

சர்வே பொண்ணு: ஏம்மா?

டெய்லரம்மா: மிஷின் சத்தத்துல காதுல விழலை.

சர்வே பொண்ணு: மிஷின் அப்பவே நின்னுடுச்சேம்மா… சரி, சொல்றேன். "எட்டு வருஷமா என்னைத் தட்டி எழுப்பினது அந்தம்மாதான்"னு சொன்னாரு. கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. ஆனா ஒண்ணு… ரிட்டயர் ஆகற வரைக்கும் இருக்கிற வேலையை உதறிட்டு வந்திருக்காங்க. அவங்க வீட்டுல என்ன சொன்னாங்களோ?

டெய்லரம்மா: என்ன சொல்லுவாங்க? கழுத்து நரம்பு இழுக்க இழுக்கத் தைச்சு, படிக்க வெச்சு, ஒரு நிலையான வேலையில உக்கார வெச்சுட்டு அப்பாடான்னு மூச்சு விடறப்ப, ஒரு நாள் வந்து காக்கிச் சட்டையைக் கழட்டி மடிச்சு வெச்சுட்டு "நான் தேர்தல்ல நிக்கறேன்"னா? "இந்த வாசலை மிதிக்காதே"ன்னு வாயில வராதா?

சர்வே பொண்ணு: வந்துச்சா?

டெய்லரம்மா: …வந்திருக்கும். யார் வீடா இருந்தாலும் வரும்.

சர்வே பொண்ணு: அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் மிதிக்கவே இல்லையா?

டெய்லரம்மா: மிதிப்பாளா? பிடிவாதம். அவங்க அம்மாவை உரிச்சு வெச்சிருக்கும்.

சர்வே பொண்ணு: அந்த அம்மா உங்களுக்குப் பழக்கமோ?

டெய்லரம்மா: டம்ளரை வெச்சுட்டுக் கிளம்பு நீ.

* * *

சர்வே பொண்ணு: முப்பத்தொண்ணு!

டெய்லரம்மா: அடியே, செருப்பைக்கூடக் கழட்டலை, அதுக்குள்ளயா?

சர்வே பொண்ணு: நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். கண்டக்டர் முப்பத்தொண்ணு. மெம்பர் மகன் பதினெட்டு. ஸ்கூல்காரர் ஒம்பது. ஒரே ஒரு வீடு இன்னும் முடிவு பண்ணலை.

டெய்லரம்மா: முப்பத்தொண்ணு… அப்ப ஜெயிச்சிடுவாளா?

சர்வே பொண்ணு: "வாளா"வா?

டெய்லரம்மா: …வாங்களா.

சர்வே பொண்ணு: என் லிஸ்ட்டு மட்டுமே தொகுதி ஆயிடுமாம்மா? மத்தவங்க லிஸ்ட்டு எப்படியோ. ஆனா ஆறு வருஷமா இந்த வேலை பாக்கறேன். நாலுல ஆரம்பிச்சு முப்பத்தொண்ணுக்கு வந்த ஆளை நான் பாத்ததே இல்லை. பச்சைக் கேட்டு வீட்டுலகூட மாறிட்டாங்க.

டெய்லரம்மா: அவளா? அவ என்ன சொன்னா?

சர்வே பொண்ணு: "மத்த ரெண்டு பேரும் இப்பத்தான் முதல் தடவையா என் மூஞ்சியைப் பாக்கறாங்க. இந்தம்மா தினம் பாத்தவங்க"ன்னாங்க.

டெய்லரம்மா: ம்… அந்த ஜிப்பை முதல் வேலையா வெச்சுக் கொடுத்துடறேன்.

சர்வே பொண்ணு: மைக் சத்தம் கேக்குதா? அவங்கதான். இன்னைக்குச் சாயங்காலத்தோட பிரசாரம் முடியுது. இந்தத் தெரு வழியாத்தான் வர்றாங்க.

டெய்லரம்மா: தெரியும். இதோட ஏழாவது தடவை. தெருமுனையில இருந்து பேசிக்கிட்டே வருவா. நம்ம வாசலுக்கு வந்தா மைக்கை நிறுத்திடுவா. நாலு வீடு தாண்டினதும் திரும்பப் பேசுவா.

சர்வே பொண்ணு: எதுக்கு நிறுத்தறாங்க?

டெய்லரம்மா: சாப்பிட்டதும் நான் கொஞ்சம் கண்ணசருவேன். அது அவளுக்குத் தெரியும். அவ போனதுல இருந்து எங்க கண்ணசந்தேன்! ஆறு தடவையும் இந்தக் கதவுக்குப் பின்னாடி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். திறக்க வரலை. பொண்ணே… உன்கிட்ட ரப்பர் இருக்கா?

சர்வே பொண்ணு: பேனாவுல எழுதினதும்மா.

டெய்லரம்மா: அப்ப கோடு போட்டு அடி. அந்த முதல் கேள்வி. யாரும் இல்லைன்னு சொன்னேனே, பொய். சொந்தம்தான். பெத்த சொந்தம். அந்தக் கண்டக்டர் என் மக. கொட்டை எழுத்துல எழுது, என் மக.

சர்வே பொண்ணு: ரெண்டாவது கேள்விக்கு?

டெய்லரம்மா: அவளுக்குத்தான். நீ நாலு வீடுன்னு சொன்ன அன்னைக்கே அஞ்சுன்னு நான் சொல்லியிருக்கணும். நாக்கு வரலை.

சர்வே பொண்ணு: "ஏன்"?

டெய்லரம்மா: அந்தப் பதினாறு லெட்டரையும் இதோ இந்த வெட்டற மேசையிலதான் எழுதினா. அவ எழுத எழுத, "ஊருக்கெல்லாம் நீதான் பொறுப்பா"ன்னு நான் பக்கத்துல நின்னு திட்டிக்கிட்டே இருந்தேன். ஆமாம்மா, அவதான் பொறுப்பு. இப்ப ஊரே சொல்லுது. கட்டத்துல இடம் பத்தலைன்னா பின்பக்கம் எழுது.

சர்வே பொண்ணு: சட்டை…

டெய்லரம்மா: அதான் எடுக்கறேன். பட்டன் வெச்சு, இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன். அந்தச் சபைக்குள்ள முதல் நாள் நுழையறப்ப போட்டுக்கட்டும்.

சர்வே பொண்ணு: ஒருவேளை… ஜெயிக்கலைன்னா?

டெய்லரம்மா: அப்பவும் இதையே போட்டுக்கிட்டு, பஸ்ல ஏறி, டிக்கெட் எடுத்து, ஜன்னல் ஓரமா உக்காந்து ஊரைச் சுத்தி வரட்டும். என் மக எதுல குறைஞ்சு போயிட்டா? …இரு. குறையுதுன்னதும் ஞாபகம் வருது. முப்பத்தொண்ணு, பதினெட்டு, ஒம்பது, அப்புறம் அந்த ஒரு வீடு. அம்பத்தொம்பதுதானே வருது? அறுபதுன்னியே. கால் அங்குலம் குறைஞ்சாலே கண்டுபிடிக்கறவ நான். "சொல்ல விரும்பவில்லை"ன்னு என்னை எழுதினியே, நான் எங்கே அதுல?

சர்வே பொண்ணு: உங்களை அடிச்சு ரெண்டு வாரமாச்சும்மா. முதல் நாளே, இங்கிருந்து கிளம்பி உங்க தெரு திரும்பறதுக்குள்ள அடிச்சுட்டேன். ஊர் பூரா போஸ்டர் ஒட்டியிருக்காங்களே, உங்க மக காக்கிச் சட்டையோட, வலது கையில பேனா பாக்கெட்டு. அந்த மாதிரி பாக்கெட்டு இந்த ஊர்ல வேற யார் சட்டையில இருக்கு? அதுக்கப்புறம் நான் சர்வேக்கு வரலை. வீடு வீடா அவங்களைப் பத்திச் சொல்றதைக் கேட்டுக் கொண்டு போய்க் கொடுத்தா, ஆபீஸ்ல அதெல்லாம் வெறும் நம்பர். அதைக் கேட்டு நூல் அறுந்து போன வீடு இது ஒண்ணுதான்… போங்கம்மா. மைக் நின்னுடுச்சு.